கோவண்டியில் நின்ற வண்டி

சிவ்ராபாடா
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

விஜயராணி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பானுமதி மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிள்ளைகள் இருவரும் ஒழுங்காகப் படிக்கிறார்களா?

இங்கே நர்ஸாக வந்து மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டேன். இந்த ஜவ்ஹார் மலைக்குள் எங்கள் பாடா என்கிற இந்தக் குக்கிராமம் வரைக்கும் தார்ச்சாலை கிடையாது. சாலை முடிகிற இடத்திலிருந்து செம்மண் சரிவு, இரண்டு ஓடை, அப்புறம் பாறை. ஆம்புலன்ஸ் சாலையோடு நின்றுவிடும். அதுவரை நோயாளியை மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டில் மாதிரிக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் டிரஸ்ட் இப்போது ஒரு வண்டி வாங்கச் சம்மதித்திருக்கிறது. பழைய வண்டிதான். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும்.

நீ இன்சூரன்ஸ் சர்வேயர். மும்பையில் மோதிய வண்டி, மூழ்கிய வண்டி எல்லாவற்றையும் குனிந்து பார்க்கிறவன். நீயே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடு. பெரிய ஜோடனை எதுவும் வேண்டாம். இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும், சேற்றில் பிடிக்கிற டயர், அடியில் ஒரு இரும்புத் தகடு, கட்டி இழுக்க ஒரு கொக்கி. பின்னால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும். மழைக்கு முன்னால் வந்துவிட்டால் போதும்.

போனுக்குச் சிக்னல் தேடித் தார்ச்சாலை வரை நடக்க வேண்டும். அங்கேயும் நீ 'ஹலோ ஹலோ' என்பது மட்டும்தான் கேட்கிறது. அதனால் கடிதமே எழுது. இங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதும் ஒரு நிம்மதி.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
விஜயராணி

*

செம்பூர்
25 பிப்ரவரி

அன்புத் தங்கை விஜயராணிக்கு,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் ஒருவழியாக இருக்கிறோம். மதினியின் முழங்கால் படிக்கட்டைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. நீ தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறாய்?

வண்டி பார்க்கத் தொடங்கிவிட்டேன். தொடங்கிய அன்றே வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன்.

முதலில் பார்த்தது இங்கேயே செம்பூரில் ஒரு பணக்கார வீட்டுப் பையனின் 'தார்' ஜீப். கூரையில் வரிசையாக விளக்கு, முன்னால் ஒரு மண்டையோட்டுப் படம். கர்ஜத் பக்கம் ஏதோ ஆற்றுக்குள் வண்டியை விட்டு ரீல் எடுத்திருக்கிறான். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு கரையேறி ஓடுகிறார்கள், பின்னணியில் இவன் சிரிக்கிறான். அதை என்னிடம் பெருமையாகக் காட்டுகிறான். அன்றைக்கே முன்சக்கர கியர் உடைந்துவிட்டதாம், சரிசெய்யவில்லை. "டவுன்ல எதுக்கு அங்கிள் அது?" என்றான். கதவோரத்தில் ஒரு பாட்டில், அதில் பாதிக்கு மேல் குட்கா எச்சில். நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது குர்லாவில், பட்டாளம் ஏலம்விட்ட ஜிப்ஸி ஜீப். அடியெல்லாம் புதுக் கறுப்பு பெயிண்ட். ஸ்க்ரூடிரைவரால் அடிச்சட்டத்தில், அந்த சேசிஸில், ஒரு குத்து குத்தினேன், ஈர அட்டையில் இறங்குகிற மாதிரி இறங்கியது. "குண்டு போட்டாலும் அசையாத வண்டி சாப்" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தரகன் வண்டிச் சாவியால் பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். பிறகு அதே சாவியை என் கையில் நீட்டினான்.

பழைய வண்டியைத் திறந்தால் அந்த ஆளையே திறந்து பார்த்த மாதிரி இருக்கிறது. இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு, இன்னும் பழகவில்லை. உனக்காகப் பார்க்கிறேன்.

"பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்பிடித்தான் குனிஞ்சு பாத்தீகளா?" என்று கேட்கிறாள் உன் மதினி.

சூடாகச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
சொரிமுத்து

*

சிவ்ராபாடா
10 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம், தண்ணீர் காய்ச்சித்தான் குடிக்கிறேன். மதினி கேட்ட கேள்வியைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நீ வண்டியைப் பற்றி எழுதுவாய் என்று பார்த்தால் ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவர்களை இங்கே அனுப்பப் போவதில்லையே.

இங்கே எல்லோரும் வண்டி எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். டிராக்டர் ஓட்டிப் பழகிய காசிநாத் தானே ஓட்டுவதாகச் சொல்லிவிட்டான். மருந்தறையைச் சுத்தம் செய்ய வருகிற ஜைவந்திக்கு இப்போது ஐந்தாம் மாதம். முதல் பிரசவம். மெலிந்த உடம்பு, ரத்தமும் போதாது. ஜூலையில் எதிர்பார்க்கிறேன். ஜூலையில் இந்த ஓடைகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

விஜயராணி

*

செம்பூர்
31 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். வெயில் கொளுத்துகிறது. சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கியதால் பதில் தாமதமாகிவிட்டது.

ஆண்டாப் ஹில்லில் ஒரு ஸ்கார்பியோ பார்த்தேன், நாலு சக்கர இழுவை. உள்ளே ஏறினால் ஊதுபத்திக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரே சென்ட் வாசனை. அப்போதே சந்தேகம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கிற அந்த நுனியில் காய்ந்த சேற்றுக் கோடு. வண்டி மூழ்கி எழுந்திருக்கிறது. "தண்ணியே பாக்காத வண்டி" என்று அந்த ஆள் தன் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். அந்தப் பிள்ளை நெளிந்துகொண்டு நின்றது. எனக்குக் குமட்டியது.

கடைசியில் கோவண்டியில் ஒன்று. வாசிம் என்று ஒருவர், நம் பக்கத்துத் தமிழர்தான். கேம்பர் வண்டி, முன்னால் ஆட்கள் உட்கார இடம், பின்னால் நீளமான தொட்டி. சேசிஸ் கல் மாதிரி இருக்கிறது. நாலு சக்கர லீவர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. நான் கேட்பதற்கு முன்னாலேயே குறையெல்லாம் சொல்லிவிட்டார். "ரிவர்ஸ் எடுக்கையில கொஞ்சம் பொறுத்து எடுக்கணும்ணே. இஞ்சின் ஒரு தடவ பிரிச்சு மாட்டியிருக்கு. மறைச்சு என்ன ஆவப்போவுது?" உன் டிரஸ்ட் எங்கே இருக்கிறது, என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன்.

ஆனால் அது வேண்டாம். அவர் தியோனார் இறைச்சிக் கூடத்திலிருந்து ஓட்டல்களுக்குக் குடலும் தலையும் ஏற்றுகிறவர். இப்போது குளிர்ப்பெட்டி வண்டி வாங்கிவிட்டதால் இதை விற்கிறார். தொட்டியின் தகடு இடுக்குகளில் ரத்தம் கறுத்துப் போயிருக்கிறது. அந்த நாற்றம் என் சட்டையில் ஏறி வீடுவரை வந்துவிட்டது. சட்டையைத் தூரப் போட்டுவிட்டேன். அதில் நோயாளியைப் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் பார்ப்போம். நல்லதாக ஒன்று அமையும். ஜைவந்திக்குப் பேரீச்சம்பழம் கொடு.

அண்ணன்

*

சிவ்ராபாடா
12 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். சின்னவனுக்கு இளநீர் கொடுக்கச் சொல்.

அந்தக் கோவண்டி வண்டியை வாங்கு.

சேசிஸ் கல், லீவர் வெண்ணெய் என்று நீயே எழுதிவிட்டு, நாற்றம் என்று முடிக்கிறாய். நாற்றத்தைக் கழுவ இங்கே ஓடை இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, என் கையும் இருக்கிறது. பிரசவம் பார்க்கிறவளிடம் போய் ரத்தக்கறை என்கிறாயே.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அப்பா தாராவியில் தோல் கிடங்கில் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டார். அந்தக் கையோடு வந்துதான் நமக்குச் சோறு பிசைந்து தந்தார். நீ எட்டாம் வகுப்பிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்காருவாய். வேலைக்குப் போன பிறகு, அப்பா எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்ததாக எல்லோரிடமும் சொன்னாய். எனக்குத் தெரிந்தும் நான் அதைக் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. உன் மூக்குக்கு எது ஆகாதோ அதை இந்த வண்டி விஷயத்தில் கொண்டுவராதே என்று மட்டும் கேட்கிறேன்.

வாசிமுக்கு இன்றைக்கே சொல்லிவிடு. டிரஸ்டில் நான் பேசிவிட்டேன்.

மதினிக்கு என் அன்பு.

விஜயராணி

*

செம்பூர்
12 மே

தங்கை விஜயராணிக்கு,

சின்னவன் தேறிவிட்டான். மற்றவர்களும் சௌக்கியம். ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கிற வேலை, அதனால் உடனே எழுத முடியவில்லை.

கோவண்டி வண்டி விற்றுப்போய்விட்டது. நல்ல வண்டி நிற்குமா?

கவலைப்படாதே. அணுசக்தி நகரில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் ஒரு ஜீப் இருப்பதாகக் கேள்வி. போய்ப் பார்க்கிறேன். மாட்டுங்காவிலும் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நீ எழுதியிருந்த மற்ற விஷயங்களுக்குப் பதில் எழுதத் தோன்றவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சொரிமுத்து

*

சிவ்ராபாடா
14 ஜூன்

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது.

விற்றுவிட்டதென்றால் என்ன செய்வது. போன தடவை நான் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. எந்த வண்டியானாலும் சரி, நகர்ந்தால் போதும். ஜைவந்திக்குக் கால் வீங்கியிருக்கிறது. முன்கூட்டியே போய் ஆஸ்பத்திரியில் இரு என்று சொன்னேன், மாமியார் விடவில்லை.

தபால்காரர் இனி ஓடை வழிவிட்டால்தான் வருவார். அதற்குள் இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

விஜயராணி

*

செம்பூர்
4 ஆகஸ்ட்

அன்புத் தங்கைக்கு,

உன் ஜூன் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மழை காரணமாக இருக்கும். சுகம்தானே? போனும் கிடைக்கவில்லை. மதினி தினமும் கேட்கிறாள்.

நல்ல செய்தி. அணுசக்தி நகர் ஜீப்பை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். இத்தனை மாதம் காத்திருந்தது வீண் போகவில்லை. ஓய்வுபெற்ற மனிதர், ஞாயிறுதோறும் தன் கையாலேயே துடைப்பாராம். வெள்ளைத் துணி உறை போட்ட சீட்டு. அந்துருண்டை வாசனை. தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். மகன் அமெரிக்காவிலிருந்து வந்த பிறகுதான் விற்பது பற்றி முடிவு சொல்வாராம். தீபாவளிக்குள் ஆகிவிடும். உயர்த்துவது, டயர் மாற்றுவது எல்லாவற்றுக்கும் இங்கேயே ஆள் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஜைவந்திக்கு என்ன குழந்தை? எழுது.

அண்ணன்,
சொரிமுத்து

*

சிவ்ராபாடா
25 ஆகஸ்ட்

சொரிமுத்து அண்ணன் அவர்களுக்கு,

மதினியும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும்.

டிரஸ்ட் கூட்டத்துக்காகப் போன வாரம் மும்பை வந்திருந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோவண்டிவரைதான் வந்தேன். அந்த வாசிம் நேர்மையானவர் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, வேறு வண்டி எங்காவது இருக்கிறதா என்று அவரிடம் கேட்கலாம் என்று போனேன்.

அவர் வீட்டுச் சந்தில் தார்ப்பாய் போட்டு ஒரு கேம்பர் நின்றது. இது யாருக்கு என்று கேட்டேன். "யாருக்கும் இல்லக்கா. மலைப்பக்கம் ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு அண்ணன் பாத்துட்டுப் போனாக. நல்ல காரியமாச்சேன்னு ரெண்டு பேர் கேட்டும் குடுக்காம வச்சிருந்தேன். அன்னைக்குப் போனவுக, திரும்ப வரவே இல்லியே" என்றார். போன் பண்ணினாரா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் உங்கள் தங்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிரஸ்டிடம் சொல்லி அன்றைக்கே அதை வாங்கிவிட்டேன். அவரே ஓட்டிக்கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போனார்.

ஜைவந்திக்கு என்ன குழந்தை என்று கேட்டிருந்தீர்கள். பெண் குழந்தை. ஜூலை மாதம் ஒரு நாள் காலையில் வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடந்தது, என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. நாலு பேர் மூங்கிலில் தூக்கினார்கள். முதல் ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல். சுமையோடு கால் ஊன்ற முடியவில்லை, ஒருவன் வழுக்கி விழுந்தான், அவளும் விழ இருந்தாள். திரும்பவும் கரைக்கே வந்தோம். தண்ணீர் வடியட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மத்தியானம் அந்தக் கரையிலேயே பிறந்தது. அழவில்லை. ஜைவந்தி பிழைத்ததே பெரிது.

முந்தாநாள் காசிநாத் அதே ஓடையில், அதே அளவு தண்ணீரில், அந்தக் கேம்பரை ஓட்டிக்கொண்டுபோனான். நான் பின்தொட்டியில் உட்கார்ந்திருந்தேன். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அந்தக் கரையைப் பார்த்தபடியே தாண்டினேன்.

நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தோம். மழையில் திரும்பவும் எழும்புகிறது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'நல்ல வண்டி நிற்குமா' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைப் புரட்டியது.

ஜைவந்தி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது, நர்ஸ் பாயி?" என்று கேட்டாள். இப்போதுதான் விலைக்கு வந்தது என்று சொன்னேன். உங்களுக்காக நான் சொன்ன பொய். அதைச் சொன்ன வாயை நாலு தடவை கொப்பளித்தும் கசப்புப் போகவில்லை.

பதில் வேண்டாம்.

விஜயராணி

*

செம்பூர்
1 செப்டம்பர்

விஜயராணிக்கு,

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய்.

ஒரு வாரம் கழித்து வாசிமைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வேறு நல்லது கிடைத்துவிடும் என்று நினைத்தேன். பிறகு விற்றிருப்பார் என்று நானே நம்பிக்கொண்டேன். போய்ப் பார்க்கவில்லை. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

நான் அங்கே வருகிறேன். ஜைவந்தியிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

சொரிமுத்து

*

சிவ்ராபாடா
10 செப்டம்பர்

அண்ணன் அவர்களுக்கு,

அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் உங்களுக்கு மனம் ஆறும். அவள் என்ன செய்வாள்? விதி என்று நினைத்து இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்கு ஆறுவதற்காக அவளைத் திரும்பவும் படுக்கவைக்க நான் விடமாட்டேன்.

வருவதானால் வேலைக்கு வாருங்கள். காசிநாத்துக்கு வயலில் வேலை தொடங்கிவிட்டது, அக்டோபர் முடியும்வரை வரமாட்டான். வண்டி ஓட்ட ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ஜைவந்தியை ரத்தத்துக்கான ஊசிக்குத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவள் முன்சீட்டில்தான் உட்காருவாள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை.

மழைக்கோட்டும் ரப்பர் செருப்பும் கொண்டுவாருங்கள்.

விஜயராணி

*

சிவ்ராபாடா
25 செப்டம்பர்

அன்புள்ள பானுமதிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் முழங்காலுக்குத் தைலத்தை மறக்காமல் தேய். பெரியவளை அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல், நீ ஸ்டூலில் ஏறாதே.

விஜயராணியின் கடிதத்தைப் படித்துவிட்டு நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பையை எடுத்துத் துணி வைத்தாய். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

விஜயராணி மெலிந்துவிட்டாள். நான் வந்தபோது, "சாப்பிடுங்க" என்றாள், சாவியைக் கையில் கொடுத்தாள். மருந்தறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறாள். வண்டி அதன் ஜன்னலுக்கு நேராக நிற்கிறது. ராத்திரி மழை பெய்தால் அந்த வாசனை உள்ளே வருகிறது. ஜன்னலை நான் சாத்துவதில்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை. ஜைவந்தியைக் கூட்டிப்போனேன். உன் தங்கச்சி வயதுகூட இருக்காது. ஏறி உட்கார்ந்து கதவைப் பழகினவள் மாதிரி இழுத்துச் சாத்தினாள். மடியில் ஒரு துணி மூட்டை, உள்ளே நாச்சினி என்று இங்கே சொல்கிற கேழ்வரகு ரொட்டியும் சுட்ட கருவாடும். பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்த அதே கையால் தின்றேன்.

அவள் மராத்தியில் பேசுவது எனக்கு நன்றாகவே புரிகிறது. புரியாமல் இருந்தால் தேவலை.

"உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டாள்.

இரண்டு என்றேன்.

"பெரியது என்ன?"

பெண் என்றேன்.

"நல்லது. நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஓடை வந்தது. இறங்குவதற்கு முன்னால் லீவரைப் போடக் கை போயிற்று, ஆனால் போடவில்லை. கரையிலேயே வண்டி நின்றுவிட்டது. தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. நான் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தக் கரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"வண்டி கெட்டுப்போச்சா, சாஹேப்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, வண்டியில ஒரு குறையும் இல்ல" என்றேன்.

அதை மராத்தியில் சொல்ல மறந்து தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டு ரொட்டி மூட்டையை முடிந்துகொண்டாள். லீவரைப் போட்டேன். தாண்டினோம்.

அக்டோபர் முடியும்வரை ஐந்து செவ்வாய்க்கிழமை இருக்கிறது. அதுவரை இங்கேயே இருக்கிறேன். பிள்ளைகளை நேரத்துக்குத் தூங்கச் சொல்.

உன்,
சொரிமுத்து